இடது பக்கக் கதவு

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரப் பையன் தன் புதுக் காரைக் காட்டினான். அதன் கதவை ஓங்கிச் சாத்த வேண்டியதில்லை. பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதும், உள்ளே இருக்கும் மோட்டார் மெதுவாக இழுத்து மூடிக்கொள்கிறது. “மாமா, இனிமே உங்க ஆளுங்களுக்கு வேலை இல்ல லா,” என்று சிரித்தான். பென்ஷன் இல்லாமலே ரிட்டயர்ட் ஆனவனுக்கு வேலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நானும் சிரித்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் சாப்பிடும்போது மனசுக்குள் அதே ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் இழுக்கும், சரி. இழுத்த பிறகு கதவைப் பிடித்து நிறுத்துவது பழையபடி ஒரு பூட்டும் ஓர் இரும்பு வளையமும்தானே.

எங்கள் வேலைக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. கார் தட்டுறவன், அவ்வளவுதான். இடிபட்டு நசுங்கி வரும் காரைத் தட்டி நிமிர்த்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாயம் அடிப்பவர் வேறு, இஞ்சின் பார்ப்பவர் வேறு. நான் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். படிப்பு ஏறவில்லை. பாயா ரும்புட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து உப்புத்தாள் தேய்த்தேன், பட்டி பூசினேன், பிறகு சுத்தியல் பிடித்தேன். அந்தக் கதை எல்லாருக்கும் ஒரே கதைதான், அதை நீட்டினால் உங்களுக்கும் கொட்டாவி வரும். கடைசியில் கதவு வேலையில் வந்து நின்றேன். வேறு யாரும் அதை விரும்பிச் செய்யவில்லை. நசுங்கிய பானெட்டை நிமிர்த்தினால் பார்க்கிறவன் கை தட்டுவான். கதவு சரியாக மூடினால் ஒருவனும் கவனிக்க மாட்டான்.

எங்கள் முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், சீனர். அவருடைய அப்பா எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர், அதனால் தவுக்கேக்குத் தமிழ் சரளமாக வரும். மரியாதை விகுதி மட்டும் வராது. கோயில் ஐயர் கார் கொண்டுவந்தாலும், “நீ எப்போ வந்து எடுப்பே?” என்றுதான் கேட்பார். ஐயரும் கோபித்துக்கொண்டதில்லை. வேலையில் குறை கண்டால் தவுக்கே திட்டமாட்டார். வந்து கதவை ஒரு தரம் சாத்திப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அதை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு வசவு வாங்கிவிடலாம் என்று எத்தனையோ தரம் எனக்குத் தோன்றியிருக்கிறது.

கதவு மூடவில்லை என்று கார் வந்தால் எடுத்த எடுப்பில் கை வைக்கக் கூடாது என்பார். முதலில் கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைக் கீழிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் மூடிவிட்டுச் சுற்றி உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கதவு தொங்கிவிட்டது. இடைவெளி சமமாக இருந்தும் மூடவில்லை என்றால்தான், கதவு வந்து மூடும் தூணில் இருக்கும் வளையத்துக்கு வர வேண்டும். அந்த வளையத்தைத்தான் கதவின் பூட்டு கவ்விப் பிடிக்கிறது. அதன்மேல் கொஞ்சம் சாக்பீஸைத் தடவி, கதவை மெதுவாக மூடித் திறந்தால், பூட்டு எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு திருகாணிகளைத் தளர்த்தி, வளையத்தை ரப்பர் சுத்தியலால் ஒரு நூல் மேலேயோ கீழேயோ தட்டி, முடுக்கிவிட வேண்டும். கடைசிப் பரீட்சை நாள்காட்டித் தாள். சீன நாள்காட்டியில் கிழித்த தாள்களைத் தவுக்கே சேர்த்து வைத்திருப்பார். கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே தாளை வைத்து மூடி, வெளியே இழுப்பார். சுற்றிலும் ஒரே மாதிரி இழுபட்டு வந்தால் சரி.

இன்னொரு சட்டமும் உண்டு. காரிலிருந்து எது கழன்றாலும், துருப்பிடித்த ஒரு திருகாணியே ஆனாலும், தட்டில் போட்டுச் சொந்தக்காரரிடம் காட்டி, அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். காட்டாமல் தூக்கிப் போட்டால் அன்றைக்குத் தவுக்கே முகத்தில் விழிக்க முடியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கதவு சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ரகம். சீட் பெல்ட் நுனியைக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு, நாங்கள் செய்த வேலை சரியில்லை என்று சண்டைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் பெல்ட்டை எடுத்து உள்ளே விட்டுவிட்டு, “இதுக்கு சார்ஜ் இல்ல சார்,” என்றேன். அவர் அதற்கப்புறம் வரவில்லை. என் வாய் அப்படி. சரவணன் விஷயத்தில் அந்த வாயை அடக்கத்தான் படாத பாடு பட்டேன்.

சரவணன் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சின்ன வயசு, கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. சந்தையில் நிறுத்தியிருந்த அவனுடைய காரின் இடது பக்க முன்கதவை ஒரு லாரி கிழித்துக்கொண்டு போய்விட்டது. வேறு கதவு போட்டேன். விரல் நுனியால் தள்ளினால் மூடும்படி செய்து கொடுத்தேன். தவுக்கே சாத்திப் பார்த்து, மூடியபடியே விட்டுவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து அவன் திரும்பி வந்தான். கிளேபாங் கடற்கரை ரோட்டில் போகும்போது அந்தக் கதவு பாதி விலகிவிட்டதாம். பக்கத்தில் அவன் மனைவி ஷாமினி. அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பார்த்தால் தூணில் இருந்த வளையம் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. திருகாணி எப்படித் தளர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. தட்டிச் சரிசெய்து, முழு பலத்தோடு முடுக்கி அனுப்பினேன்.

மறுபடியும் வந்தான். இந்தத் தடவை ஒரு வளைவில் கதவு நன்றாகவே திறந்துகொண்டது. பெல்ட் பிடித்ததால் ஷாமினி தப்பித்தாள். அவளுக்கு முதல் கரு கலைந்து போயிருந்தது, இது இரண்டாவது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செர்காமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“வரமாட்டேங்கிறா, அங்கிள்,” என்றான் சரவணன். “கார்ல ஒண்ணும் இல்லயாம், எங்க வீட்டுலதான் என்னமோ இருக்காம். எங்கம்மா மூஞ்சியப் பார்க்கவே பயமா இருக்குங்கிறா. இன்னிக்கு அவளக் கூட்டிக்கிட்டு வரேன். அவ கண்ணு முன்னால கதவ மூடிக் காட்டுங்க. இல்லன்னா எங்க குடும்பம் அவ்வளவுதான்.”

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மற்ற கஸ்டமர்கள் காதில் விழும்படி, “வயசான ஆளையெல்லாம் வேலைக்கு வெச்சிருந்தா இப்படித்தான்,” என்று சொல்லிவிட்டு நண்பன் காரில் ஏறிப் போனான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட வந்திருந்த அவனுடைய அம்மா மட்டும் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வயசு இருக்கும். போன தடவையும் அவர் இப்படித்தான் கூட வந்து, அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வளையத்தில் கை வைத்தேன். நான் முழு பலத்தோடு முடுக்கிய திருகாணி விரலுக்கே சுற்றியது. தவுக்கே பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“இரும்பு மேல இரும்பு உட்கார்ந்தா இவ்வளவு சீக்கிரம் லூஸ் ஆகாது,” என்றார். “உள்ள மெத்தை இருக்கு. கழட்டு.”

அந்த மாடல் காரில் வளையத்தைக் கழற்றுவது எங்களுக்குப் பிடிக்காத வேலை. தூணுக்குள்ளே திருகாணியைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டு ஒரு மெல்லிய பட்டையில்தான் நிற்கிறது. இரண்டு திருகாணியையும் எடுத்தால் அது உள்ளே விழுந்துவிடும், அப்புறம் தூணை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எப்போதும் தளர்த்துவோம், தட்டுவோம், முடுக்குவோம், கழற்ற மாட்டோம். அன்றைக்கு மேல் திருகாணியை மட்டும் எடுத்து, கீழ்த் திருகாணியின்மேல் வளையத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினேன்.

அடியில் ஏதோ செம்பு நிறத்தில் மின்னியது. நாலாக மடித்த ஒரு தகடு. நசுங்கி, மஞ்சள் நூல் ஒட்டிப்போய், குங்குமம் கருத்திருந்தது. மெல்லப் பிரித்துப் பார்த்தேன். கட்டம் போட்டு எழுத்துகள் இருந்தன. நடுவில் தெளிவாக ‘ஷாமினி, உத்திரம்’ என்று பெயரும் நட்சத்திரமும்.

இதைப் படித்ததும் என் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எந்தத் தமிழரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் உட்காரும் பக்கம். மருமகள் பெயர். திறந்துகொண்ட கதவு.  பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார்.

“என்னா இது? சாமி சாமானா, பேய் சாமானா?” என்று தவுக்கே கேட்டார்.

“தெரியல தவுக்கே.”

“தெரியலன்னா கேளு. அங்கதான நிக்குது.”

நான் தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். கேட்பதற்குள் அந்த அம்மாவே பேசினார்.

“அதனாலயா தம்பி கதவு தொறந்துச்சு?”

“அதனாலதான், அக்கா. யாரு வெச்சது?”

“நான்தான்.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “மொதப் பிள்ள தங்கல. இதாவது தங்கணும்னு பூசாரிகிட்ட சொல்லி எழுதி வாங்கினேன். அந்தப் பொண்ணு எப்பவும் அந்தப் பக்கம்தான் உட்காரும். வீட்டுக்கு வாசக்கால் வெக்கிறப்ப அடியில தகடு வெக்கிறதில்லயா? காருக்கு அந்தத் தூணுதானே வாசக்கால்? நீங்க கதவு போட்டுக் குடுத்தப்புறம், எஸ்டேட்ல டிராக்டர் ரிப்பேர் பண்ற பையன்கிட்ட குடுத்து, அந்த வளையத்துக்கு அடியில வெக்கச் சொன்னேன்.”

 வாசக்காலுக்கு அடியில் வைக்கும் தகட்டின்மேல் மரம் நிற்கிறது, சுவர் நிற்கிறது. அது ஆடாது. காரில் செம்பு மெத்தென்று அமுங்கும். ஒவ்வொரு குழியில் கார் இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிப் பிடி விட்டுப்போகும். திருகாணி தளரும், வளையம் நகரும். அந்த டிராக்டர் பையன் என் கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

“மவன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி,” என்றார் அந்த அம்மா. “அந்தப் பொண்ணுகிட்டயும்தான். செய்வினைன்னு சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் நான் எங்க போவேன்? தூக்கிப் போட்டுடுங்க.”

தூக்கிப் போட முடியாது. அது தவுக்கேயின் சட்டம். தட்டில் போட்டுச் சரவணனிடம் காட்டினால் இந்த அம்மாவின் கதை முடிந்தது. காட்டாவிட்டால் என் பெயர் முடிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கதவு போட்டவனுக்கு ஒரு திருகாணி முடுக்கத் தெரியவில்லை என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். நல்லவனாக நின்று யோசித்தேன் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு என் பெயர்தான் பெரிதாகப் பட்டது.

தவுக்கே என் கையிலிருந்த தகட்டை வாங்கினார். புரட்டிப் பார்த்தார். அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“கார்லேர்ந்து எடுத்தது சொந்தக்காரன் கைக்குப் போவணும். இது உன்னோடது. உன் கையில குடுத்துட்டேன். அப்புறம் உன் இஷ்டம்.” பிறகு என்னைப் பார்த்து, “நீ கதவப் பாரு,” என்றார்.

பார்த்தேன். இடத்தைச் சுரண்டித் துடைத்தேன். இரும்பின்மேல் இரும்பு உட்காரும்படி முடுக்கினேன். சாக் தடவி, தாள் இழுத்து எல்லாம் பார்த்தேன். கதவு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடியது. ஆனால் மனசு ஆறவில்லை.

மதியத்துக்கு மேல் சரவணன் வந்தான். ஷாமினி காரைவிட்டு இறங்கி, எங்கள் வாசலுக்குள் வராமல் வெயிலிலேயே நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மாமியார் பக்கம் திரும்பவே இல்லை.

“இந்தத் தடவ என்னா கதை, அங்கிள்?” என்றான் சரவணன்.

“திருகாணி தளர்ந்திருந்துச்சு. இப்ப சரி. இனிமே வராது.”

“போன தடவையும் இதேதான சொன்னீங்க? உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?”

உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கையை இறுக்கி மூடியிருந்தார். நான் கதவை ஒரு விரலால் தள்ளி மூடிக் காட்டினேன். திறந்து, மறுபடியும் மூடிக் காட்டினேன்.

ஷாமினி அங்கிருந்தே சொன்னாள். “வேணாம்ங்க. அவரத் திட்டாதீங்க. கதவு மேல தப்பு இல்ல. அந்த வீட்டுல என்னமோ இருக்கு. பிள்ள பொறக்கிற வரைக்கும் நான் எங்கம்மாகிட்டயே இருக்கேன். என்ன விட்டுடுங்க.”

சரவணன் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். 

அப்போதுதான் அந்த அம்மா நடந்து வெயிலுக்குப் போனார். மூடிய கையை மருமகள் முன்னால் திறந்தார்.

“வீட்டுல ஒண்ணும் இல்லம்மா. இதுதான். நான்தான் கதவுல வெக்கச் சொன்னேன். அவர் மேல தப்பு இல்ல.”

ஷாமினி தகட்டை எடுத்துப் பார்த்தாள். தன் பெயரைப் படித்தவுடன் அவள் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். தகடு சிமெண்டுத் தரையில் விழுந்தது. “என்னாம்மா இது?” என்று சரவணன் தன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

“என் நட்சத்திரம் உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள் ஷாமினி.

“உங்கம்மாதான்.”

அவள் நம்பவில்லை. அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “அம்மா, என் நட்சத்திரத்த அத்தைகிட்ட சொன்னியா?”

போனில் ஷாமினியின் அம்மா குரல் கணீரென்று கேட்டது. “ஆமா, சொன்னேன். சம்பந்தியும் நானும் சேர்ந்துதான போய்த் தகடு எழுதி வாங்கினோம்? உன்கிட்ட சொன்னா கிண்டல் பண்ணுவ. பாவம், உனக்காக அவங்க வெள்ளிக்கிழமையில உப்பில்லாமச் சாப்பிடுறாங்க. ஏன், சாமி மேடையிலதான இருக்கு?”

“கார் கதவுல இருந்துச்சு.”

“கதவுலயா? ஐயோ, கதவுல ஏன் வெச்சாங்க?”

ஷாமினிக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா, சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவளால் குனிய முடியவில்லை. தவுக்கே குனிந்து தகட்டை எடுத்து, தன் கால்சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

“தூக்கிப் போட்டுடும்மா,” என்றார் மாமியார். “எனக்குத் தெரியாமப் போச்சு. உனக்கு ஏதாவது ஆயிருந்தா...”  ஷாமினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“இத எங்க வெச்சா கதவு ஒழுங்கா மூடும், அங்கிள்?”

“இரும்புக்கு நடுவுல வெக்கக் கூடாது, அவ்வளவுதான். கதவு உள்பக்கம் அட்டை இருக்கு. அதுக்குப் பின்னால கண்ணாடி இறங்குற வழிய விட்டு ஒட்டிடலாம். அங்க ஒண்ணும் அமுங்காது.”

“அப்ப ஒட்டுங்க.”

சரவணன் என் பக்கத்தில் வந்து, “சாரி அங்கிள்,” என்றான். நான் பாட்டுக்கு அட்டையைக் கழற்றுகிற வேலையைப் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் எனக்குக் கோபம் இறங்காது. ஆனால் திருகாணிகளை அவன் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவனும் கொட்டிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

தகட்டை நீவித் தட்டையாக்கி, பின்னால் பசை நாடாவும் ஒட்டிவிட்டேன். உள்ளே வைக்கப் போகும்போது ஷாமினி தடுத்தாள்.

“கொஞ்சம் இருங்க. இதுல என் பேரு மட்டும்தான இருக்கு? கீழ எடம் இருக்கு பாருங்க. அத்தை பேரையும் எழுதுங்க.”

“எனக்கெதுக்கும்மா?” என்றார் அந்த அம்மா. “எனக்கு நட்சத்திரம்கூடத் தெரியாது. எந்த நாள்ல பொறந்தேன்னு எங்கப்பனும் சொல்லல, ஆத்தாளும் சொல்லல.”

“நட்சத்திரம் இல்லாட்டி பரவால்ல அத்தை. பேரு இருந்தாப் போதும்.”

இரும்பில் கோடு கிழிக்கும் ஊசியை எடுத்து வந்தேன். தகட்டை என் தொடைமேல் வைத்துக்கொண்டு, “உங்க பேரு என்னக்கா?” என்று கேட்டேன்.

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

“அஞ்சலை,” என்றாள். “நல்லா ஆழமா எழுதுங்க, அங்கிள்.”